பட்டறைப் பதில்கள்: பேரிங்கைக் காரின் பெயர் சொல்லித் தேடாதீர்கள்

கேள்வி: ஐயா, 1986 ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்பிரிண்டர் ட்ருவெனோ (ஏ.ஈ.86) ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கத்தில் 'டங்' என்று சத்தம் வருகிறது. வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதும் குறைந்துவிட்டது. ஒரு கராஜில் சில்லுப் பேரிங் என்றார்கள், இன்னொரு கராஜில் சஸ்பென்ஷன் மேல் பேரிங் என்றார்கள். கொழும்பில் எங்கே கேட்டாலும் 'அந்தக் காருக்குச் சாமான் இல்லை' என்கிறார்கள். ஒருவர் உடைத்த காரில் கழற்றிய சோடி ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். ஜப்பானில் இருந்து எடுப்பித்தால் விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. அக்கா ஸ்கார்பரோவில் இருக்கிறார். அவரிடம் கேட்டு எடுப்பிக்கலாமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: தம்பி, பணத்தைக் கையில் எடுக்க முதல் எது பழுது என்பதை நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்கு வீட்டு முற்றமும் ஒரு கூட்டாளியும் போதும்.

காரைச் சமதரையில் நான்கு சில்லிலும் நிறுத்துங்கள். ஜக் வைக்க வேண்டாம், முன் ஸ்பிரிங்கின் தலையில் இருந்து அதைச் சில்லோடு திரும்பவிடும் மேல் பேரிங்கைச் சோதிக்கும்போது காரின் பாரம் அதன்மேல் இருக்க வேண்டும். முன் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை மெல்ல வையுங்கள். விரல்களைச் சுருள்களுக்கு நடுவே விடாதீர்கள். கூட்டாளி ஸ்டீயரிங்கை ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்பட்டும். பேரிங் நல்லதென்றால் ஸ்பிரிங் சில்லோடு சேர்ந்து சீராகத் திரும்பும். இறுகிய பேரிங் என்றால் ஸ்பிரிங் முதலில் அசையாமல் முறுக்கேறி, பிறகு ஒரே உதறலில் விடுபடும். அந்த உதறல் உள்ளங்கையில் அடிக்கும், அதே கணத்தில் 'டங்' சத்தமும் கேட்கும். ஸ்டீயரிங் நேருக்கு வராததற்கும் இதே காரணம்தான். இறுகிப்போன பேரிங் சில்லைத் திருப்பிய பக்கத்திலேயே பிடித்துவைத்திருக்கிறது.

சில்லுப் பேரிங் பழுதானால் குணமே வேறு. அது ஓடும்போது இரையும். வேகம் கூடக்கூட இரைச்சல் கூடும், ஒரு பக்கம் வளைக்கும்போது கூடி மறுபக்கம் வளைக்கும்போது குறையும். அதைச் சோதிக்கத்தான் ஜக் வேண்டும். சில்லைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கூட்டாளியைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் சில்லுப் பேரிங். மறையாவிட்டால் போல் ஜொயின்ற் (சில்லைக் கீழே பிடித்திருக்கும் பந்து மூட்டு) அல்லது அதற்கு மேலே உள்ள ஏதோ ஒன்று. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் ஸ்டீயரிங் கம்பிகளின் நுனிகளைப் பாருங்கள்.

நீங்கள் எழுதிய இரண்டு அறிகுறிகளும் மேல் பேரிங்கையே காட்டுகின்றன. அதைச் சொன்ன கராஜ்காரர் சரி.

இந்தப் பேரிங் நம்முடைய ஊரில் ஏன் இறுகுகிறது என்று தெரிந்தால்தான், உடைத்த காரின் சோடியை ஏன் வாங்கக் கூடாது என்பதும் விளங்கும். பொனெட்டைத் திறந்தால் இரு ஓரத்திலும் ஸ்ட்ரட்டின், அதாவது ஸ்பிரிங்கும் அதிர்வுதாங்கியும் சேர்ந்த தூணின், தலை தெரியும். அதன் நடுவில் சிறிய மூடி ஒன்று இருக்க வேண்டும். பழைய கார்களில் அது எப்போதோ தொலைந்திருக்கும். மாரி மழையில் பொனெட்டின் விளிம்பால் வடியும் தண்ணீர் நேரே அந்தக் குழிக்குள் இறங்குகிறது. பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பக்கமாகவும் ஓடுகிற வாகனம் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. அதோடு, இந்தப் பேரிங் ஒருநாளும் தொடர்ந்து சுழல்வதில்லை. ஸ்டீயரிங் திரும்பும் அளவுக்குச் சற்று அசைந்துவிட்டு நிற்கிறது. காரின் அந்த மூலையின் பாரம் முழுவதையும் சுமந்துகொண்டு குண்டுகள் அதே இடத்தில் நின்று அதிர்வதால், கிறீஸ் பிதுங்கி வெளியேறி, உருக்குப் பாதையில் குண்டு நின்ற இடமெல்லாம் சிறு பள்ளம் விழுந்துவிடுகிறது. பள்ளம் விழுந்த பிறகு எத்தனை கிறீஸ் வைத்தாலும் பயனில்லை. உடைத்த காரில் இருந்து வரும் சோடிக்கும் அதே வயது, அதே பள்ளம். கையில் பிடித்துச் சுழற்றிப் பார்த்தால் நன்றாகச் சுழல்வது போலத்தான் தோன்றும், ஏனென்றால் அப்போது அதன்மேல் பாரம் இல்லை. பாவித்த கதவு வாங்கலாம், பாவித்த கியர்பெட்டியும் பார்த்து வாங்கலாம். பாவித்த பேரிங்கை வாங்கவே வாங்காதீர்கள்.

இனித் தேடுவது பற்றி. நான் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராகத் தொழில் பழகியவன். 1950 இல் தொடங்கி 1990 இல் போரால் மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலையின் களஞ்சியத்தில், எந்தப் பேரிங்கும் இயந்திரத்தின் பெயரில் இருக்கவில்லை. எல்லாம் எண்ணின்படி அடுக்கியிருந்தன. பிறகு, போரில் வடக்குக்குப் பொருட்கள் வராமல் மறித்த தடைக்காலம் வந்தது. பாதை மூடி, ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய அந்த ஆண்டுகளில், தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்தின் பேரிங் உடைந்தால் அரிசி ஆலை மோட்டரில் இருந்து கழற்றிப் பூட்டிப் பயிரைக் காப்பாற்றினார்கள். இரண்டிலும் எண் ஒன்றாக இருந்தபடியால் அது பொருந்தியது. பேரிங் என்பது காரின் பாகம் என்று நினைப்பதால்தான் 'அந்தக் காருக்குச் சாமான் இல்லை' என்ற பதில் வருகிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

ஆகவே முதலில் கழற்றுங்கள், ஆனால் ஸ்பிரிங் பற்றிக் கடைசியில் சொல்லும் எச்சரிக்கையை வாசித்த பிறகு. கழற்றாமல் வாங்காதீர்கள். கழற்றியதை மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். காய வைக்கும்போது கொம்பிரசர் காற்றால் அடித்துச் சுழற்றிப் பார்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிறீஸ் இல்லாத பேரிங் அந்த வேகத்தில் சிதறிக் கண்ணைக் கெடுத்துவிடும். காய்ந்த பிறகு வளையத்தின் பக்கவாட்டு முகத்தில் வெள்ளைச் சோக்கைத் தேய்த்து, விரலால் மெல்லத் துடைத்துவிடுங்கள். பொறித்த கோடுகளுக்குள் சோக்கு நின்று எழுத்து வெளிப்படும். வெயிலில் சாய்த்துப் பிடித்து, கண்ணாடி வைத்து வாசியுங்கள். என்.எஸ்.கே., என்.ரி.என்., கோயோ, நாச்சி என்று ஜப்பானிய நிறுவனப் பெயர் ஒன்றும் அதன் பக்கத்தில் எண்ணும் இருக்கும்.

எண்ணை வாசிக்கப் பழகுங்கள், ஆயுள் முழுவதும் உதவும். 6205 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் 6 என்றால் ஒற்றை வரிசைக் குண்டுப் பேரிங். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உட்துளை, அதாவது 25 மில்லிமீற்றர். வெளிவிட்டம் 52, அகலம் 15. எந்த நாட்டில் எந்த நிறுவனம் செய்தாலும் 6205 இந்த மூன்று அளவிலும்தான் வரும். 6204 என்றால் 20, 47, 14. கடைசி இரண்டு இலக்கங்கள் 00 முதல் 03 வரை இருந்தால் மட்டும் ஐந்தால் பெருக்கும் கணக்குச் சரிவராது. 00, 01, 02, 03 என்பன முறையே 10, 12, 15, 17 மில்லிமீற்றர். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துக்களில் சில மூடியைக் குறிப்பன. இரு பக்கமும் இறப்பர் மூடியிட்டதை என்.எஸ்.கே. டி.டி.யூ. என்றும் என்.ரி.என். எல்.எல்.யூ. என்றும் கோயோ 2ஆர்.எஸ். என்றும் எழுதும். மூன்றும் ஒரே வேலைக்கு உரியவை. எழுத்து வேறாக இருக்கிறதே என்று கடையில் கிடைத்த நல்ல பேரிங்கைத் திருப்பிக் கொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் காரின் முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சாய்வு உருளைப் பேரிங்குகள் இருக்கின்றன. பின்பக்க அச்சுத் தண்டில் ஒரு குண்டுப் பேரிங்கை வளையம் வைத்து அழுத்திப் பூட்டியிருப்பார்கள். இவற்றை எண்ணையும் அளவையும் கொண்டு பேரிங் கடையிலேயே தேடலாம். உருளைப் பேரிங்கில் சில அங்குல அளவில் வரும். எல்44649 என்றால் உட்துளை 26.988 மில்லிமீற்றர், அதன் வெளிக்கிண்ணத்துக்கு எல்44610 என்று தனி எண். இப்படி இரண்டு எண்கள் இருந்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டையும் புதிதாகவே வாங்குங்கள். பழைய கிண்ணத்தில் புதிய உருளையைப் போட்டால் கிண்ணத்தின் காயம் உருளைக்குத் தொற்றும்.

மேல் பேரிங்தான் சிக்கலானது. கார்களின் மேல் பேரிங்குகள் அந்த இடத்துக்கென்றே வடிவமைக்கப்படுபவை. ஆகவே பேரிங் கடையின் புத்தகத்தில் நேரே கிடைக்காமல் போகலாம். அங்கே டொயோட்டாவின் பத்து இலக்க எண் கைகொடுக்கும். அது ஐந்து இலக்கம், ஒரு கோடு, மறுபடி ஐந்து இலக்கம் என்று இருக்கும். முதல் ஐந்தும் பாகத்தின் வகை. முன் ஸ்ட்ரட்டின் தலையைச் சட்டகத்தோடு பிடிக்கும் மேல் தாங்கிக்கு 48609. 90 இல் தொடங்கும் எண் என்றால் சந்தோஷப்படுங்கள். அது ஒரு காருக்கு மட்டும் உரியதல்ல, டொயோட்டா பல மாதிரிகளில் பொதுவாகப் பாவிக்கும் சாமான். 90363 குண்டுப் பேரிங், 90366, 90368 இரண்டும் உருளைப் பேரிங், 90311 ஒயில் சீல். இவற்றில் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் உட்துளையின் மில்லிமீற்றர் அளவு. இவ்வளவு தெரிந்தால் விற்பவர் அனுப்பும் எண் உங்களுடைய சாமானுக்கு உரியதா என்று வாங்க முதலே மட்டுக்கட்டலாம்.

சரியான எண்ணைக் கண்டுபிடிக்க எஞ்சின் அறையில் உள்ள தகட்டைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுக் கார்களுக்கு மற்ற நாடுகளில் உள்ள 17 இலக்க வாகன அடையாள எண் கிடையாது. ஏ.ஈ.86 என்று தொடங்கி, கோடு போட்டு வரும் சட்டக எண்தான் உண்டு. அதைக் கொடுத்தால் ஜப்பானியப் பாகப் பட்டியலில் உங்கள் காருக்கு உரிய சாமானை எடுத்துத் தர முகவரால் முடியும். தகட்டை ஒரு படமும், கழற்றிய பேரிங்கின் மேல் வேர்ணியர் அளவுகோலை வைத்து உட்துளை, வெளிவிட்டம், உயரம் மூன்றுக்கும் ஒவ்வொரு படமும் எடுங்கள். அந்த நான்கு படங்களையும் கொழும்புக்கு அனுப்புங்கள். காரின் பெயரை எழுத வேண்டாம்.

கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இன்னொரு வாசலும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. நம் தெருக்களில் இன்றும் ஓடுகிற டி.எக்ஸ். வேகன், கொரோல்லா ஈ70 குடும்பத்தைச் சேர்ந்தது. உங்கள் ஏ.ஈ.86 இன் முன் ஸ்ட்ரட் அமைப்பு அந்தக் குடும்பத்தில் இருந்து வந்ததுதான். உலகமெங்கும் ஏ.ஈ.86 இன் ஸ்ட்ரட்டை ஈ70 இல் பூட்டி ஓடுகிறார்கள். டி.எக்ஸ். இன் மேல் தாங்கி கேட்டால் கடைக்காரரின் முகமே மாறும், தட்டில் தேடத் தொடங்குவார். ஆனால் குடும்பம் ஒன்று என்பதற்காக அளக்காமல் வாங்காதீர்கள். மூன்று ஆணித் துளைகளின் இடைவெளி, நடுக்கம்பி நுழையும் துளை, ஸ்பிரிங் தாங்கும் தட்டின் உயரம், இந்த மூன்றும் ஒத்தால் எடுங்கள். ஒன்று பிசகினாலும் விடுங்கள்.

அக்காவைக் கேட்பது நல்ல யோசனை. ஆனால் அவர் ஸ்கார்பரோவில் 'ட்ருவெனோ' என்று கேட்டால் கையை விரிப்பார்கள். வட அமெரிக்காவில் இந்தக் கார் 'கொரோல்லா ஜி.ரி.எஸ்.', 'கொரோல்லா எஸ்.ஆர்.5' என்ற பெயர்களில் 1980களின் நடுப்பகுதியில் விற்கப்பட்டது. பிரித்தானியாவில் 'கொரோல்லா ஜி.ரி. கூப்பே', அவுஸ்திரேலியாவில் 'ஸ்பிரிண்டர்'. லண்டனிலோ மெல்பேர்ணிலோ உறவினர் இருந்தாலும் அந்தந்த ஊர்ப் பெயரையே சொல்லட்டும். மூன்று நாட்டிலும் இந்தக் காரைப் பேணுகிறவர்கள் இருப்பதால் புதிய மாற்றுச் சாமான் செய்பவர்களும் இருக்கிறார்கள். பேரிங் சிறியது, ஊருக்கு வருகிற யாருடைய பெட்டியிலும் இடம் பிடிக்காது. டொயோட்டாவே 2021 இல் இந்தக் காருக்கு ஸ்டீயரிங் நக்கிள் ஆர்ம், பின் பிரேக் கலிப்பர் போன்ற சில சாமான்களை மறுபடி செய்யத் தொடங்கியது. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு நிறுவனமே திரும்பி வந்து சாமான் செய்வதைக் கேட்டபோது எனக்கு உண்மையில் நெஞ்சு நிறைந்தது. பட்டியல் நீளக்கூடும், ஆகவே முகவரிடம் எண்ணைக் கொடுத்து அவ்வப்போது விசாரியுங்கள்.

போலிச் சாமான் பற்றியும் சொல்ல வேண்டும். பேரிங்கில் போலி மலிந்திருக்கிறது. பெட்டியின் அச்சு மங்கலாக இருந்தால், வளையத்தில் பொறித்த எழுத்துக்கள் வரிசை தப்பியிருந்தால், பழைய எழுத்தைச் சுரண்டி மெருகிட்ட தடம் தெரிந்தால், விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், வைத்துவிட்டு வாருங்கள். அதேநேரம், ஜப்பானிய நிறுவனத்தின் பேரிங்கில் இந்தோனேசியா, தாய்லாந்து, இந்தியா என்று எழுதியிருந்தால் அதைப் போலி என்று தள்ளாதீர்கள். அந்த நிறுவனங்களுக்கு அங்கும் தொழிற்சாலைகள் உண்டு. பற்றுச்சீட்டில் பேரிங்கின் முழு எண்ணையும் எழுதித் தரும் கடையில் வாங்குங்கள். எண் எழுத மறுக்கிறவரிடம் சில்லோடு சம்பந்தப்பட்ட எதையும் வாங்க வேண்டாம்.

கடைசியாக, கழற்றிப் பூட்டும்போது உயிருக்கு ஆபத்தான ஓர் இடம் உண்டு. ஸ்ட்ரட்டின் நடு நட்டைக் கழற்ற முதல் ஸ்பிரிங்கை அதற்குரிய இறுக்கியால் இரு பக்கமும் சமமாக அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அப்படி அழுத்தாமல் அந்த நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து வெளியேறும். கயிற்றாலும் கம்பியாலும் கட்டிச் செய்கிற பட்டறையில் காரை விடாதீர்கள். இரு பக்கமும் ஒன்றாகவே மாற்றுங்கள். மேல் மூடி இல்லாவிட்டால் அதையும் வாங்கிப் போடுங்கள், பிறகு சில்லுகளின் நேர்ப்பாட்டைச் சரிபாருங்கள்.

கேள்வி: அன்புள்ள ஐயாவுக்கு, என்னிடமும் பழைய ஜப்பானியக் கார் ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரட் மேல் தாங்கியின் இறப்பர் வெடித்துவிட்டது. இறப்பரே இல்லாமல், 'பில்லோ போல்' வைத்த இரும்புத் தட்டு ஒன்றை லேத் பட்டறையில் செய்வித்துப் பூட்டலாம், பந்தயக் கார்களில் அதுதான் இருக்கிறது என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: செய்ய வேண்டாம் என்பது என் முடிவு. காரணத்தையும் சொல்கிறேன்.

பில்லோ போல் என்பது, கிண்ணத்துக்குள் எந்தப் பக்கமும் சாயக்கூடிய உருக்குப் பந்து, நடுவில் துளை. அது கிடைக்காத பொருளல்ல. ஜி.ஈ.15 என்ற எண்ணில் கேட்டால் துளை 15, வெளிவிட்டம் 26, பந்தின் அகலம் 12 மில்லிமீற்றர். மண் அள்ளும் இயந்திரங்களின் ஹைட்ரோலிக் கைகளின் நுனியில் இதே வகைதான் இருக்கிறது, ஆகவே கனரக இயந்திரச் சாமான் விற்கும் கடைகளில் எடுக்கலாம். உங்கள் நண்பருக்கு இது தெரிந்திருப்பதால்தான் இலகுவான வேலை என்று நினைக்கிறார்.

பாரம் எந்தத் திசையில் வருகிறது என்பதே இங்கே கேள்வி. அந்தப் பந்து பக்கவாட்டில் வரும் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. ஸ்ட்ரட்டின் தலையிலோ பாரம் கீழிருந்து மேலாக, துளையின் நீளவாக்கில் வருகிறது. அந்தத் திசையில் அது தாங்கும் அளவு மிகக் குறைவு. திறமான தயாரிப்புகளில் ஸ்பிரிங்கின் பாரத்தைச் சுமக்கத் தனியாக ஒரு தட்டைப் பேரிங் வைத்திருப்பார்கள். 51106 போன்ற ஒன்று, உட்துளை 30, வெளிவிட்டம் 47, உயரம் 11. பந்து அங்கே நடுக்கம்பியைச் சாயவிடும் வேலையை மட்டும் செய்யும். இந்த வேறுபாடு தெரியாமல் பட்டறையில் தட்டைக் கடைந்து நடுவில் பந்தை அழுத்திவிட்டால், ஒரு பெரிய குழியில் கிண்ணத்தை விட்டுப் பந்து மேலே எழும்பிவிடலாம். அப்போது கம்பியோடு சேர்ந்து ஸ்ட்ரட்டும் பொனெட்டை நோக்கி வரும். நீங்கள் எழுபது கிலோமீற்றர் வேகத்தில் ஏ9 வீதியில் போய்க்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை.

பந்தயத்துக்குப் போகும் காரை ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றிப் பார்க்கிறார்கள், தேய்ந்ததை எறிகிறார்கள். உங்கள் கார் மணலும் புழுதியும் உள்ள ஒழுங்கைகளில் நாளாந்தம் ஓடுவது. உருக்கில் உருக்கு உரசும் பந்து என்றால் கிறீஸ் வற்றியதும் புழுதி ஏறித் தேயும், தட்டும். உட்பூச்சு உள்ளது கிறீஸ் கேட்காது, ஆனால் மணல் அதையும் தின்றுவிடும். இறப்பர் அந்த இடத்தில் மலிவுக்காக வைக்கப்பட்டதல்ல. தெருவின் அடியைச் சட்டகத்துக்குப் போகவிடாமல் விழுங்குவது அதுதான். அது இல்லாமல் ஓடினால் ஸ்ட்ரட் பொருந்தும் தகட்டைச் சுற்றிய வெல்டிங்கில் வெடிப்பு வரும். பழைய காரில் தகடு ஏற்கனவே துருவால் மெலிந்திருக்கும்.

நீங்கள் காரின் மாதிரியை எழுதவில்லை. அதே நிறுவனத்தின் எந்தச் சாதாரணக் காரில் இருந்து உங்கள் காரின் முன்பக்கம் வந்தது என்று தேடுங்கள். விளையாட்டுக் கார் என்று பெயர் இருந்தாலும், அந்தக் காலத்து ஜப்பானிய நிறுவனங்கள் பல கார்களின் கீழ்ப்பாகத்தைக் குடும்பக் காரோடு பகிர்ந்தே செய்தன. குடும்பக் காரின் தாங்கி இன்னும் தயாரிப்பில் இருக்கக்கூடும். இறப்பரையும் உருக்குத் தகட்டையும் பிரித்து, பழைய தகட்டிலேயே புதிய இறப்பரை ஒட்டி வார்க்கும் பட்டறைகளும் கொழும்புப் பக்கம் இருக்கின்றன. அப்படிச் செய்வித்தால் இறப்பரின் கடினம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள், பழைய தாங்கி ஒன்றை மாதிரிக்குக் கையில் கொடுங்கள்.

கேள்வி: என் டி.எக்ஸ். வேகனின் முன் சில்லுப் பேரிங்குகள் நான்கையும் புதிதாக மாற்றினேன். கிளிநொச்சிக்குப் போய் இறங்கிப் பார்த்தால் ஒரு பக்கச் சில்லின் நடுப்பகுதி கை வைக்க முடியாத சூடு. பேரிங் போலியா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: போலி என்று முடிவெடுக்க முதல் பிரேக்கைப் பாருங்கள், பிள்ளை. அந்தச் சில்லை ஜக்கில் தூக்கிக் கையால் சுழற்றுங்கள். உரசிக்கொண்டு நின்றால், பிரேக் கலிப்பரின் பிஸ்டன் திரும்பி வராமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். சூடு அங்கிருந்தும் வரும். பிரேக் விடுபட்டிருந்தும் இறுக்கமாகச் சுழன்றால், பூட்டியவர் நட்டை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்.

இந்த வகைப் பேரிங்கை மற்ற நட்டுகளைப் போல முறுக்கிவிட்டுப் போக முடியாது. சில்லைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும், அப்போதுதான் உருளைகள் கிண்ணத்தில் ஒழுங்காக அமரும். அமர்ந்த பிறகு நட்டை முழுவதும் தளர்த்திவிட வேண்டும். பின்னர் கைவிரலால் மட்டும், சாவி இல்லாமல், முட்டும் வரை இறுக்க வேண்டும். சில்லு தடையின்றிச் சுழல வேண்டும், ஆட்டிப் பார்த்தால் ஆட்டமும் இருக்கக் கூடாது. இந்த நிலையில்தான் பூட்டுத் தொப்பியைப் போட்டு, நட்டு கழலாமல் தடுக்கும் புதிய ஊசியைச் செருக வேண்டும். கழற்றிய ஊசியை நிமிர்த்தித் திருப்பிப் போடாதீர்கள்.

ஒருமுறை அவ்வளவு சூடேறிய பேரிங்கைக் கழற்றிக் கழுவி, உருளைகளைப் பாருங்கள். வெள்ளி நிறமாகவே இருந்தால் பிழையில்லை, புதிய கிறீஸ் வைத்துப் பூட்டலாம். வைக்கோல் நிறமோ நீலமோ ஏறியிருந்தால் உருக்கின் கடினம் போய்விட்டது. அந்தப் பக்கத்து இரண்டையும் கிண்ணங்களோடு மாற்றிவிடுங்கள். கிறீஸ் வைக்கும்போது உள்ளங்கையில் எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கத்தால் உருளைகளுக்கு நடுவே பிதுங்கி வரும் வரை ஏற்றுங்கள். மேலே பூசிவிடுவது போதாது. பழைய கிறீஸின் மிச்சம் இருந்தால் முழுவதும் கழுவுங்கள், வேறு வகைக் கிறீஸோடு கலந்தால் இரண்டும் இளகி ஓடிவிடலாம். பூட்டிய பிறகு கொடிகாமம் வரை ஓடிப் போய், இறங்கி இரண்டு பக்கச் சில்லின் நடுவையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இளஞ்சூடாக இருந்தால் கிளிநொச்சிக்கு மறுபடி போகலாம்.